தாத்தாவுக்கு ஏறிய பாட்டில்

அன்பு மகன் அந்தோணிக்கு,

தாராவியிலிருந்து அம்மா எழுதுவது. போனில் சொன்னால் பாதியிலேயே "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

மருத்துவக் காப்பீட்டை விட்டுவிட்டாயாமே. 2025 முடிவோடு அங்கே அமெரிக்க அரசாங்கம் காப்பீட்டுக்குக் கொடுத்துவந்த கூடுதல் மானியம் நின்று பிரீமியம் ஏறியதும், மாதச் சந்தா கட்டி ஒருத்தர் ஆஸ்பத்திரிச் செலவை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளும் கிறிஸ்தவக் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டதாக மருமகள் சொன்னாள். கட்டுப்படி ஆகவில்லை என்று சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். "குடிகாரனுக்கெல்லாம் நான் ஏன் கட்டணும்? கட்டாயப்படுத்தி வாங்கினா அது தர்மமா?" என்றாயாம். அதுதான் ராத்திரி முழுக்க உறுத்தியது.

உன் தாத்தா குடிகாரர்தான். தோல் பட்டறையில் கூலி வாங்கிய அன்றே பாதி போய்விடும். ஈரல் கெட்டு, வயிறு பானை மாதிரி வீங்கி, கைவண்டியில் வைத்துத்தான் முனிசிபல் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கேஸ் பேப்பர் எழுதியவர் பெயர், வயது, விலாசம் கேட்டார், அவ்வளவுதான். கட்டில் காலியில்லை, தரையில் மெத்தை போட்டார்கள். பதினோரு நாள். பாட்டிலில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சுவரில் சாய்ந்திருப்பேன். அது யார் கட்டிய வரியோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் மனிதர் ஆறு வருஷம் இருந்தார். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு 90 அடி ரோடு முழுக்கச் சுற்றியது அந்த ஆறு வருஷத்தில்தான்.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்ததும் கேசரி ரேஷன் கார்டைக் காட்டித்தான். மகாராஷ்டிர அரசின் இலவச சிகிச்சைத் திட்டமான ஜோதிராவ் புலே திட்டத்தில் அப்போது குடும்பத்துக்கு வருஷம் 1.5 லட்சம், இப்போது 5 லட்சம். அதுவும் ஊரார் காசுதான்.

உங்கள் குழுவின் விதிகளைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். புகையிலை கூடாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு முதல் சில வருஷம் பணம் வராது. இது காப்பீடே இல்லை, பில்லைக் கட்டுவோம் என்று உத்தரவாதமும் இல்லை. சுகர்காரரான உன் அப்பாவை அங்கே வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நீங்கள் திட்டுகிற, ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டமோ, நோய் இருப்பதைச் சொல்லி எந்தக் காப்பீட்டுக் கம்பெனியும் ஆளைத் தள்ளக்கூடாது என்று 2014லிருந்து வைத்திருக்கிறதாம். இதில் எது கோயில் காரியம் மாதிரி இருக்கிறது, நீயே சொல்.

2010இல் அந்தச் சட்டம் வந்தபோது, கருக்கலைப்புக்குப் பணம் போகும் என்று அமெரிக்காவின் கத்தோலிக்க ஆயர்கள், அதாவது பிஷப்புகள், எதிர்த்தார்கள், கத்தோலிக்க ஆஸ்பத்திரிகளின் சங்கமும் கன்னியாஸ்திரிகள் பலரும் ஆதரித்தார்கள் என்று நம் சாமியார் சொன்னார். ஆயர்களின் கவலை எனக்கும் உண்டு. ஆனாலும் நோயாளியின் படுக்கைப் பக்கத்தில் நின்று பழகியவர்கள் கன்னியாஸ்திரிகள். நான் அவர்கள் பக்கம்தான்.

கட்டாயம் என்றாயே. எதிர்வீட்டு பாத்திமாக்கா ரம்ஜானில் நோட்டை விரித்து, சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைகளுக்கான ஜகாத்தாக எடுத்து வைப்பாள். மனசு வந்தால் கொடு என்பதில்லை, கடமை. நம் ஊர்க்கொடைக்குத் தலைக்கட்டு வரி வாங்குவதும் அப்படித்தானே? இயேசு சொன்ன கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிப் போய்ச் சேர்த்த நல்ல சமாரியரும் சாவடிக்காரரிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேலே ஆனால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றாரே ஒழிய, அடிபட்டவன் வாயை மோந்து பார்க்கவில்லை.

சரி, திட்டியது போதும். நவம்பர் 1லிருந்து காப்பீட்டுக்கு மறுபடி பதிவு தொடங்குமாமே. நான் சீட்டு எடுத்த பணம் அப்படியே இருக்கிறது. பிரீமியத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று மருமகளை விட்டுக் கணக்குப் போடச் சொல். அதுவரைக்கும் அந்த சைக்கிளில் வேலைக்குப் போகாதே.

அம்மா