பூண்டு எங்கும் ஓடிப்போகாது

குன்னூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மழை விட்டபாடில்லை. உங்கள் மலையில் வெயில் அடித்தால் அதைப் பெருமையாக எழுதித் தொலைக்காதே. சந்திரன் வந்திருந்தான், அதே சந்திரன், அதே கடன்.

நீ அனுப்பிய பூண்டு லைவின் (நேரலையின்) லிங்கைத் திறந்து முழுக்கப் பார்த்தேன். உன் மகள் தேன்மொழி அழகாகப் பேசுகிறாள். மலைப்பூண்டைப் பல் பிரித்து நசுக்கி, 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சொல்லி அவள் விற்ற விதத்தில் எனக்கே இரண்டு கிலோ ஆர்டர் போடத் தோன்றியது. அந்த வாய் உன்னிடமிருந்து வந்ததில்லை, செல்வியுடையது. ஆனால் பூண்டைத் தவிர அந்த லைவில் வேறு என்னென்ன விற்றுக்கொண்டிருந்தீர்கள் என்று உனக்குத் தெரியுமா? போனில் சொன்னால் "பாத்துக்கலாம்டா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அவள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது. படிக்கட்டு வயலும் ஓட்டு வீடுகளும் தெரிந்தால் அது கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறை என்று ஒருமுறை சுற்றுலா வந்தவனுக்கும் தெரியும். ஸ்வெட்டரில் பள்ளியின் முத்திரை. வாசலில் ஸ்கூட்டர், நம்பர் பிளேட்டோடு. போதாததற்கு நீ உள்ளேயிருந்து கத்துகிறாய்: "பாப்பா, நாங்க சந்தைக்குப் போறோம், வர ஆறு மணி ஆகும்!" எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்த வீடு, எத்தனை மணி வரை பிள்ளை தனியாக இருக்கும்: நான்கையும் முன்பின் தெரியாத அறுபது பேரிடம் ஒரே மூச்சில் சொல்லியாயிற்று. பதிவு செய்து போடுகிற வீடியோவில் இதையெல்லாம் வெட்டி எறியலாம். லைவில் வெட்ட இடமே இல்லை. அதுதான் என் பெரிய பயம்.

"அப்புறம் டெலீட் பண்ணிட்டோம்ல" என்பாய். ஒரு கணக்கு கேள். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதித் தாக்குதலைக் கொலைகாரன் ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினான். நேரலை ஓடியபோது பார்த்தவர்கள் 200 பேர்கூட இல்லை என்று ஃபேஸ்புக்கே சொன்னது. முதல் 24 மணி நேரத்தில் அவர்கள் நீக்கிய பிரதிகள் 15 லட்சம். அவ்வளவு பெரிய கம்பெனி, அவ்வளவு கொடூரமான காட்சி, அதற்கே இந்தக் கதி. நம் வீட்டுப் பிள்ளையின் லைவை ஒருவன் ஸ்கிரீன் ரெக்கார்டு செய்தால் நமக்குத் தெரியவே தெரியாது.

இன்னொன்று. அவளுக்கு இன்னும் 16 ஆகவில்லை. 2025 ஜூலை முதல் யூடியூபில் 16 வயது நிரம்பாதவர்கள் தனியாக லைவ் போடக் கூடாது. பெரியவர் ஒருவர் கூடவே திரையில் தெரிய வேண்டும். இன்ஸ்டாகிராமிலும் அந்த வயதுக்குப் பெற்றோர் அனுமதி வேண்டும். சேனல் உன் பெயரில் இருப்பதால் தப்பித்துவிடலாம் என்று வக்கீல் மாதிரி பேசாதே. நீயோ செல்வியோ பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். நீ உட்கார்ந்தால் வியாபாரம் குறையும் என்பது வேறு விஷயம்.

சாட் பக்கம் வருவோம். பூண்டு வேண்டும் என்றவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தங்கள் போன் நம்பரை அங்கேயே அடித்தார்கள், இரண்டு பேர் முழு முகவரியோடு. இவள் அதைச் சத்தமாக வாசித்தும் காட்டினாள். இதற்கென்றே காத்திருக்கும் கூட்டம் உண்டு. உன் சேனலின் பெயரையும் படத்தையும் வைத்து ஒரு கணக்கு தொடங்கி, அந்த நம்பருக்கெல்லாம் "உங்க ஆர்டர் ரெடி, இந்த க்யூஆர்ல பணம் போடுங்க" என்று அனுப்புவார்கள். பணம் போனவன் திட்டப்போவது உன்னைத்தான். லைவ் முடிந்த பிறகும் சாட் அப்படியே வீடியோவோடு நிற்கும். அதனால் முடிந்த கையோடு வீடியோவை பிரைவேட் ஆக்கு, இல்லையென்றால் சாட் ரீப்ளேயையாவது நிறுத்து. ஆர்டருக்கென்று தனி சிம் ஒன்று வாங்கி, வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, அந்த ஒரு நம்பரை மட்டும் சாட்டின் மேலே பின் செய். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாயாலும் சொல்லச் சொல்: "இந்த நம்பர் தவிர வேற எங்கேயும் பணம் போடாதீங்க, உங்க நம்பரை இங்க எழுதாதீங்க." சாட் அமைப்பில் லிங்க் தடை, ஸ்லோ மோடு (ஒருவரே அடுத்தடுத்து எழுதாமல் இடைவெளி வைப்பது), தடைசெய்த சொற்கள் மூன்றும் இருக்கின்றன. தடைச்சொல் பட்டியலில் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் இரண்டு விதமாகவும் ஏற்று; வசவு பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் வரும்.

ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பூண்டு அனுப்பாதே. பணம் வந்ததா என்று உன் யுபிஐ கணக்கைத் திறந்து பார்த்த பிறகே பார்சல். பணம் வாங்க பின் நம்பர் எதற்கும் தேவையில்லை, கேட்பவன் திருடன்.

லைவுக்கும் அதே போன், பேங்க்குக்கும் அதே போன் என்றால் விளங்காது. பழைய போன் ஒன்றில் ஏரோபிளேன் மோடு போட்டு வைஃபை மட்டும் திறந்து லைவ் ஓட்டு. இல்லையென்றால் நடுவில் அழைப்பு வந்து சத்தம் போய்விடும். என்றைக்காவது திரையைப் பகிர்ந்தால் ஓடிபியும் ஊருக்கே தெரியும். வைஃபைக்கு இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட்தான் என்றால் டேட்டா கணக்கும் பார். 720பி தரத்தில் 4 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 4 மெகாபிட்) என்றால் மணிக்குச் சுமார் 1.8 ஜிபி. உன் நாளுக்கு 1.5 ஜிபி பேக் ஐம்பது நிமிடத்தில் காலி. அப்லோடு வேகம் அந்த 4 எம்பிபிஎஸ்ஸைப்போல் ஒன்றரை மடங்காவது இருந்தால்தான் அறுபடாமல் போகும். அறுபட்டால்கூடப் பரவாயில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்து முடியாமல் ஓடுவதுதான் ஆபத்து: பட்டனை அமுக்கிவிட்டு உடை மாற்றப் போகிறவர்கள், சண்டை போடுகிறவர்கள் எத்தனை பேர்! வேறு கணக்கில் இருக்கும் இன்னொரு போனில் லைவ் நின்றுவிட்டதா என்று பார்த்த பிறகே எழுந்திருக்க வேண்டும்.

கோயில் திருவிழாவையும் லைவ் போடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடும். யூடியூபின் இயந்திரம் அதைக் கண்டுபிடித்து நடுவிலேயே படத்தை மறைக்கலாம், லைவையே நிறுத்தலாம். 90 நாளில் மூன்று காப்புரிமை ஸ்ட்ரைக் (மீறலுக்கான கண்டிப்பு) வாங்கினால் சேனலே போகலாம். அதைவிட, ஊரே கோயிலில் நிற்கிறது, வீடெல்லாம் பூட்டிக்கிடக்கிறது என்று நேரம் குறித்து அறிவிப்பதற்குப் பெயர் பக்தியா? மறுநாள் தொகுத்துப் போடு, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். கம்ப்யூட்டரில் ஓபிஎஸ் என்ற லைவ் மென்பொருள் வைத்து ஓட்டினால் முப்பது விநாடி தாமதம் வைக்கலாம், அசம்பாவிதம் என்றால் நிறுத்த நேரம் கிடைக்கும். அதில் போடுகிற ஸ்ட்ரீம் கீயை, அதாவது உன் சேனலில் லைவ் ஓட்டுவதற்கான ரகசியக் குறியீட்டை, கேமராக்காரப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வேலை முடிந்ததும் ரீசெட் செய். கீ வைத்திருப்பவன் எவனும் உன் சேனலில் எதையும் ஓட்டலாம். விளம்பரம் தருகிறோம் என்று ஜிப் ஃபைலோடு வரும் மெயிலைத் திறக்காதே; கணக்கு திருடுபோவது பெரும்பாலும் அப்படித்தான், இரண்டடுக்குப் பாதுகாப்பும் அதற்கு முன் நிற்காது. 2024 செப்டம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் யூடியூப் சேனலிலேயே கிரிப்டோ விளம்பரம் ஓடியது. நம் சேனல் எம்மாத்திரம்.

இனி எழுதப்போவதைச் செல்வியும் படிக்கட்டும். சாட்டில் ஒருவன் "டெய்லி வருவேன், உனக்கு கிஃப்ட் அனுப்பறேன், தனியா பேசலாமா" என்று எழுதியிருந்தான். தேன்மொழி சிரித்துக்கொண்டே தாண்டிவிட்டாள், கெட்டிக்காரி. இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்: முதலில் பாராட்டு, பிறகு பரிசு, பிறகு வேறு ஆப்புக்குக் கூப்பிடுவது, ஒரு படம் கேட்பது, கிடைத்ததும் மிரட்டல். அப்படி ஏதாவது நடந்தால் திட்டுவார்கள் என்று பயந்து அவள் மறைத்துவிடக் கூடாது. அதை இன்றைக்கே, ஒன்றும் நடக்காதபோதே சொல்லி வையுங்கள். பணம் கொடுக்கக் கூடாது, சாட்டை அழிக்கக் கூடாது, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கோ குழந்தைகளுக்கான 1098-க்கோ அழைக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்று இலவசச் சேவை இருக்கிறது. படத்தை அனுப்ப வேண்டியதில்லை; அதன் அடையாளக் குறியீடு மட்டும் போகும், சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும்.

லைவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பூண்டு என்ன, கூடையிலிருந்து எழுந்து ஓடிவிடப் போகிறதா? வாரம் மூன்று வீடியோ பதிவு செய்து, பார்த்து, வெட்டிப் போடு. மாதம் ஒரு லைவ் போதும். வெறும் சுவர், முன்னால் ஒரு மேசை, பள்ளிச் சீருடை இல்லாமல், ஒரு நிமிடம் சோதனைக்கு எடுத்து டிவியில் போட்டுப் பார்த்த பிறகு.

சாட்டைக் கவனிக்க மாடரேட்டராக யாரைப் போடுவது என்று செல்வியிடம் கேட்டு எழுது. பொன்னையா அண்ணன் மட்டும் வேண்டாம். வருகிற ஒவ்வொருத்தரையும் நலம் விசாரிக்கவே அவருக்கு ஒரு மணி நேரம் போதாது.

அன்புடன்,
ராஜு

இரண்டு கிலோ பூண்டு ஆர்டர் நிஜம்தான். பணம் அனுப்பிவிட்டேன், ஸ்கிரீன்ஷாட் அனுப்ப மாட்டேன்.