நைஜாரி கேனடிக்கு: மே மாதத்துக் கோப்பையைப் பற்றி

அன்புள்ள நைஜாரி கேனடி,

2025 அமெரிக்கக் கல்லூரி சாப்ட்பாலையும் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) பந்துவீச்சாளரான உங்களையும் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் ஜூன் மாதத்தில்தான் போய் நிற்கிறார்கள். தேசிய இறுதித் தொடரின் முதல் ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ். உங்கள் டெக்சஸ் டெக் பல்கலைக்கழக அணி 1-0 என்று முன்னிலை. எதிரே ஆடிய டெக்சஸ் பல்கலைக்கழக அணியின் ரீஸ் ஆட்வுட்டை அடிக்க விடாமல் முதல் பேஸுக்கு அனுப்பிவிடுவதென்று முடிவு. அதற்காக நீங்கள் வெளியே வீசிய பந்து கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட, அவர் எட்டி அடித்தார். இரண்டு ரன், ஆட்டம் போயிற்று. மூன்றாவது ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸிலேயே டெக்சஸ் உங்கள் பந்துவீச்சில் ஐந்து ரன் எடுத்தது, பட்டமும் போயிற்று. அதற்குமுன் அந்தத் தேசியப் போட்டியில் உங்கள் அணிக்காக ஒவ்வொரு பந்தையும் வீசியவர் நீங்கள் ஒருவர்தான் என்பதை எத்தனை பேர் சேர்த்துச் சொன்னார்கள்?

அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, அந்த இறுதித் தொடர் நடந்த ஓக்லஹோமா சிட்டியின் அதே டெவன் பார்க் மைதானத்தில், அரிசோனாவைத் தோற்கடித்து, உங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் கூட்டமைப்பான பிக் 12 கான்ஃபரன்ஸின் கோப்பையை வாங்கினீர்கள். எனக்கு அதுதான் பெரிது. பருத்தி விளையும் லப்பக் ஊரின் அந்தப் பல்கலைக்கழகம் அதுவரை சாப்ட்பாலில் பிக் 12 பட்டத்தைத் தொட்டதே இல்லை. லீக் பட்டம், மே மாதத்து நாக்-அவுட் போட்டிப் பட்டம் இரண்டும் ஒரே வருடத்தில் வந்தன. கான்ஃபரன்ஸ் லீக்கில் வாரக்கணக்கில் எதிர் அணிகள் உங்கள் கையைப் படித்துக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் மே மாதத்தில் மீண்டும் அவர்களோடுதான் மோத வேண்டும், தோற்றால் அன்றோடு வெளியே. இத்தனையும் ஜெயித்த அணிக்கு தேசியப் போட்டிக்கான தரவரிசையில் கிடைத்தது 12ஆவது இடம். அது அநியாயம் என்று அப்போதே நினைத்தேன். அந்த 12ஆவது அணிதான் அரையிறுதியில் ஓக்லஹோமாவை 3-2 என்று வென்று, தொடர்ந்து நான்கு முறை சாம்பியனான அவர்களின் ஓட்டத்தை நிறுத்தியது.

ஸ்டான்ஃபோர்டிலிருந்து பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து உங்களைக் கூட்டி வந்ததால் பட்டம் வந்தது என்கிறார்கள். சரி, பணம் வந்தது உண்மை. ஆனால் 43 அடி தூரத்திலிருந்து, கையைக் கீழே சுழற்றி, மணிக்கு 70 மைலைத் தாண்டி, மட்டைக்காரர் அரை வினாடிகூட யோசிக்க முடியாதபடி வீசியது நீங்கள். உங்கள் அணியின் லாரன் ஆல்ரெட் போன்றவர்கள் ரன் எடுக்காமல் அது வெற்றியாகியிருக்காது.

தோல்வி வீடியோக்களைக் காட்டி உங்களிடம் கேள்வி கேட்பவர்கள் இனியும் வருவார்கள். அவர்களிடம் முதலில் மே மாதத்தைப் பற்றிச் சொல்லுங்கள். நீங்கள் லப்பக்கிலேயே தொடர முடிவெடுத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அன்புடன்,
உங்கள் ரசிகை