புரோமிலியாட் பூக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "செடி நல்லாத்தான் இருக்கு, பூ மட்டும் வரமாட்டேங்குது." இலைகளின் நடுக்குழியில் தண்ணீர் தேங்கும் அழகுச்செடிகளான புரோமிலியாடில் எக்மியா, நியோரெஜிலியா வகைகளை வாங்கிப்போன பலர் கடைக்கு வந்து சொல்வது இதுதான். சிலருக்குச் சொந்தமாகக் கலப்பு செய்து புது நிறம் கொண்டுவரவும் ஆசை. அதற்குத் தாய்ச்செடியும் மகரந்தம் தரும் செடியும் ஒரே சமயத்தில் பூத்தாக வேண்டும். காத்திருந்தால் அது அமைவது அபூர்வம், நாம்தான் அமைத்துக்கொடுக்க வேண்டும்.

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பருக்கு இடையில் கைதச்சக்கை (அன்னாசி) போட்டவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. அன்னாசியும் புரோமிலியாட் குடும்பம்தான். செடி 35, 40 இலை விட்டதும் எத்திபான் என்ற பூக்கவைக்கும் மருந்து கலந்த தண்ணீரைக் குருத்தில் ஊற்றுவார்கள். அது எத்திலீன் வாயுவாகப் பிரிந்து, தோட்டம் முழுவதும் ஒன்றுபோலப் பூக்கும். கடைகளில் பூவோடு விற்கும் குஸ்மேனியா என்ற புரோமிலியாடும் பெரும்பாலும் இப்படிப் பூக்க வைத்ததுதான். அதன் கன்று உங்கள் வீட்டில் தானாகப் பூக்க நாளாகும். உங்கள் வளர்ப்பில் குறை இல்லை.

வீட்டுக்கு எத்திபான் தேவையில்லை. ஒரு லிட்டருக்கு ஒரு சொட்டு அளவுதான் வேண்டும், அதை அளப்பதே பாடு. பழுக்கிற பழமும் அதே எத்திலீனை விடும். ஆப்பிள் வைக்கலாம் என்பார்கள். நமக்கு மட்டி வாழைப்பழம் இருக்கிறது. பச்சை மாறி மஞ்சள் ஏறுகிற பழமாகப் பாருங்கள், அப்போதுதான் வாயு அதிகம் வரும். செடியைச் சாய்த்து நடுக்குழியில் உள்ள தண்ணீரை முழுவதும் வடியுங்கள். சட்டியோடு பெரிய பிளாஸ்டிக் கவரில் இறக்கி, இரண்டு மூன்று பழத்தை மண்மேல் வைத்து வாயைக் கட்டிவிடுங்கள். பழம் குழிக்குள் விழக்கூடாது, குருத்து அழுகும். ஒரு வாரம் நல்ல நிழலில் இருக்கட்டும். வெயில் பட்டால் கவருக்குள் செடி வெந்துவிடும். அப்புறம் வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். பில்பெர்ஜியா என்ற வகை சீக்கிரம் பூக்கும், எக்மியாவுக்கு இரண்டு மூன்று மாதம், குஸ்மேனியாவுக்கு இன்னும் கூடுதல். ஒரே இனத்திலும் முந்துவதும் பிந்துவதும் உண்டு. அதனால் கலப்புக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று செடி வைத்து, வாரம் விட்டு வாரம் கவர் போடுங்கள்.

கார்பைட் கல் மட்டும் வேண்டாம். தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் வாயு வரும், ஆர்செனிக் கலப்பும் இருக்கலாம். பழம் பழுக்க வைக்கவே அதற்குத் தடை இருக்கிறது.

இன்னொன்று. குலை தள்ளிய வாழை மாதிரிதான் இதுவும்: ஒருமுறை பூத்தால் தாய் மெல்லப் போய்விடும், கன்றுதான் மிச்சம். இரண்டு வருடம் முன்பு அவசரப்பட்டு, கைப்பிடி அளவே இருந்த ஒரு நியோரெஜிலியாவுக்குக் கவர் போட்டோம். குழியின் அடியில் நாலே பூ வந்தது, விதை பிடிக்கவில்லை. கிடைத்த ஒரே கன்றும் மழையில் அழுகிப் போனது. அந்தச் சிவப்பு இன்றுவரை எங்களிடம் திரும்ப வரவில்லை. முழு அளவு வராத செடியைத் தொடாதீர்கள்.

நியோரெஜிலியா பூ காலையில் விரியும், மதியத்துக்குள் மூடிவிடும். விடிந்ததும் குழித் தண்ணீரைப் பூவுக்குக் கீழே இறக்குங்கள். தாய்ப்பூவின் மகரந்தப் பைகள் வெடிக்குமுன் ஊசிமுனை இடுக்கியால் எடுத்துவிட்டு, மற்றதன் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவுங்கள். எந்தச் செடியோடு எது, எந்தத் தேதி என்று அன்றே அட்டையில் எழுதிக் கட்டுங்கள். சில மாதத்தில் காய் பழுத்து, லேசாக இழுத்தாலே கையோடு வரும். விதையின் வழவழப்பைக் கழுவி அன்றைக்கே விதையுங்கள், நாளானால் முளைப்புத் திறன் குறைந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் பூத்துத் திண்டாடுகிறவர்கள் காலை ஏழு மணிக்குமுன் கடைக்கு வாருங்கள். எங்களிடம் பூத்திருந்தால் மகரந்தம் எடுத்துத் தருகிறோம், அதற்குக் காசு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் நாற்றுப்பண்ணையார்,
திருவட்டாறு