லினக்ஸ் சேர்வருக்கும் வைரஸ் காவல் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹட்டனில் தோட்டப் பிள்ளைகள் வந்து படிக்கிற ஒரு சின்னக் கணினி நிலையத்தில் சேர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். யாரோ தந்த பழைய கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, சம்பா என்ற மென்பொருள் மூலம் வின்டோஸ் கணினிகளுக்கு ஒரு பொது ஃபோல்டரைத் திறந்து வைத்திருக்கிறோம். இதே ஏற்பாட்டைச் செய்ய நினைக்கிறவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

"லினக்ஸுக்கு வைரஸ் வராது" என்று சொல்லித்தான் பொருத்தித் தந்தார்கள், நானும் நம்பினேன். பிள்ளை ஒருத்தி கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்த பென் டிரைவோடு வந்து தன் கோப்புகளைப் பொது ஃபோல்டரில் போட்டாள். அடுத்த நாள் பார்த்தால் எல்லார் பென் டிரைவிலும் ஃபோல்டர்கள் மறைந்து ஷோர்ட்கட் மட்டும் நிற்கிறது. உயர்தரப் பிள்ளைகள் செயற்திட்டம் போய்விட்டது என்று அழுதார்கள். சேர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை, அது உண்மை. அந்த வைரஸ் லினக்ஸில் ஓடாது, ஆனால் லினக்ஸ் அதைப் பத்திரமாக வைத்திருந்து கேட்கிற வின்டோஸ் கணினிக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும்.

அப்புறம்தான் இலவசமாகக் கிடைக்கும் கிளாம்ஏவி என்ற வைரஸ் தடுப்பு மென்பொருளைப் போட்டேன். இரவில் ஒரு தடவை ஸ்கேன் செய்தால் போதாது, பகல் முழுக்கப் பிள்ளைகள் கோப்பைத் திறந்துகொண்டே இருக்கிறார்கள். திறக்கிற அந்த நொடியிலேயே பார்க்க வேண்டும். அதற்கு கிளாம்ஆனக் என்ற துணை நிரல் இருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் ஃபேனோட்டிஃபை வசதி வழியாக, யார் கோப்பைத் திறந்தாலும் அதற்குத் தகவல் வரும். தடுக்கும் அமைப்பையும் போட்டுவிட்டால், பார்த்து முடியும்வரை கோப்பு திறக்காது.

அவசரத்தில் நான் வார் (/var) டைரக்டரி முழுவதையும் காவலில் வைத்துவிட்டேன். லொக் கோப்பும் டேட்டாபேஸும் உள்ள இடம் அது, மெஷின் ஊர்ந்தது. பொது ஃபோல்டரை மட்டும் கொடுத்தாலே போதும். கிளாம்ஏவியில் ஸ்கேன் செய்கிற பகுதியான கிளாம்டி எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பெயரை விலக்குப் பட்டியலில் போடவும் மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் அது திறப்பதையே அது மறுபடி ஸ்கேன் செய்யப்போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, நாம் மாற்றாதவரை 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளை இந்தக் காவல் பார்க்காது.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எங்கள் மெஷினில் ரேம் 2 ஜிபிதான். கிளாம்டி சும்மா இருக்கும்போதே 1 ஜிபிக்கு மேல் எடுக்கும், புதிய வைரஸ் விவரங்களை ஏற்றும்போது பழையதும் புதியதும் ஒன்றாக நிற்பதால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேண்டும். ரேம் போதாமல் லினக்ஸ் கிளாம்டியை நிறுத்திவிட்டது. அந்த நேரம் கோப்புகள் திறக்காமல் நின்றிருந்தால் உடனே தெரிந்திருக்கும். ஆனால் ஸ்கேனில் பிழை வந்தால் கோப்பைத் திறக்க விட்டுவிடுவதுதான் கிளாம்ஆனக்கின் இயல்பான அமைப்பு. எல்லாம் ஒழுங்காகத் திறந்தது, காவல் இல்லை என்பது மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை, பிள்ளைகளிடம் "பயமில்லாமல் போடுங்கள்" என்று சொன்னவன் நான்.

பழையதும் புதியதுமாக ஒரே நேரத்தில் இரண்டு வைரஸ் விவரத் தொகுதியை வைத்திருக்கும் அமைப்பை நிறுத்தினேன், பிறகு ரேமை 4 ஜிபி ஆக்கினோம். இப்போது தினமும் காலையில் எயிக்கார் என்ற சோதனைக் கோப்பைப் பொது ஃபோல்டரில் திறந்து பார்க்கிறேன். 68 எழுத்துத்தான், தீங்கு செய்யாது, ஆனால் சோதனைக்காக வைரஸ் காவல் அதை வைரஸாகவே எடுத்துக்கொள்ளும். திறக்க மறுத்தால் காவல் விழித்திருக்கிறது, திறந்துவிட்டால் அன்று வகுப்புக்கு முன் சேர்வரைப் பார்க்க வேண்டும்.

பழைய கணினி தருகிற நல்ல மனங்களிடம் ஒன்று கேட்கிறேன், முடிந்தால் 4 ஜிபி ரேமோடு தாருங்கள். பொருத்தித் தருகிறவர்கள் அந்தச் சோதனைக் கோப்பைத் திறந்து காட்டிவிட்டுப் போங்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் யாருக்காவது உதவி தேவைப்பட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வரத் தயார்.

இப்படிக்கு,
கணினி நிலையத் தொண்டர்,
ஹட்டன்.