செயலாளர் ஆண்டறிக்கை: சிறுவர் மர்மக்கதை வாசிப்பு குறித்துச் சற்று விரிவாக

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நமது வாசகர் வட்டத்தின் கடந்த ஆண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் பதினொன்று நடந்தன. ஒரு மாதம் போதிய உறுப்பினர்கள் சேராமல் ஒத்திவைத்தோம். செயற்குழு நான்கு முறை கூடியது. கவிதை வாசிப்பும் நூல் அறிமுகமும் வழக்கம்போல் நடந்தன. நூலகப் பட்டியல் சரிபார்க்கப்பட்டது.

இனி, சனிக்கிழமைச் சிறுவர் வாசிப்பு. சென்ற பொதுக்குழுவில் "பிள்ளைகளுக்குக் கொலைக் கதையா?" என்று சிலர் கேட்டீர்கள். அன்று நேரம் போதவில்லை, இன்று பதில் சொல்கிறேன். மர்மக்கதை என்றாலே கொலைதான் என்பது சரியல்ல. எரிக் கெஸ்ட்னர் 1929இல் எழுதிய 'எமிலும் துப்பறிவாளர்களும்' நாவலில் நடப்பது ஒரு திருட்டு. ரயிலில் தூங்கிப்போய்ப் பணத்தைப் பறிகொடுத்த பையன், பெர்லின் நகரத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு திருடனைப் பின்தொடர்கிறான். சத்யஜித் ராய் படைத்த துப்பறிவாளர் ஃபெலுடா 1965இல் முதலில் வந்ததே 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகையில்தான். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இவற்றிலிருந்துதான் தொடங்கினோம்.

ஒரு மூத்த உறுப்பினர் துப்பறியும் சாம்புவை ஏன் விட்டீர்கள் என்றார். தேவனின் சாம்பு எனக்கும் உயிர். ஆனால் சாம்புவுக்கு வழக்கு தீர்வது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தால். சிரித்துக்கொண்டே படிக்கலாம், கூடவே யோசித்து அவரை முந்த முடியாது. முதலில் முந்திப் பார்க்கும் ருசி வரட்டும், அப்புறம் சாம்பு.

நாங்கள் செய்தது இதுதான். கதையை உரக்கப் படித்து, மர்மம் அவிழும் இடத்துக்கு முன்னால் புத்தகத்தை மூடிவிடுவோம். பிள்ளைகள் ஆளுக்கொரு தாளில் யார் மேல் சந்தேகம் என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டித் தருவார்கள். பெயரை மட்டும் எழுதினால் செல்லாது. கதையில் எந்த வரியைக் கேட்டு அந்தச் சந்தேகம் வந்தது என்றும் எழுத வேண்டும். ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், துப்பறிபவர் தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்பவை அவற்றில் இரண்டு. இந்த இரண்டை மட்டும் சொல்லிக்கொடுத்தோம். அதன்பிறகு பிள்ளைகள் கதை கேட்கும் விதமே மாறிவிட்டது. எமில் கோட்டுப் பையில் பணத்தை வைத்துக் குண்டூசி குத்துகிற வரியை, "திரும்பப் படிங்க" என்று கேட்டு வாங்கி ஒரு சிறுமி தாளில் குறித்துக்கொண்டாள். அந்தக் குண்டூசி பின்னால் என்ன செய்கிறது என்பதை இங்கே எழுத மாட்டேன்.

பெரிய பிள்ளைகளுக்குக் கானன் டாயில் 1892இல் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் கதையான 'சில்வர் பிளேஸ்' படித்தோம். இதில் சாவு உண்டு, ஆனால் ரத்தத்தைக் காட்டிப் பயமுறுத்துவதில்லை. இரவில் லாயத்திலிருந்து பந்தயக் குதிரை காணாமல் போகிறது. வந்த நாள் முதல் வாயே திறக்காத பையன் ஒருவன், ஹோம்ஸ் அந்தப் பேச்சை எடுப்பதற்கு முன்பே கை தூக்கினான். "அங்க ஒரு நாய் இருந்துச்சே, அது ஏன் குரைக்கல?" அறை முழுக்க அமைதி. அடுத்த வாரம் அவன் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஆண்டுத் தொடக்கத்தில் ஒன்பது பேர் வந்த இடத்துக்கு இப்போது இருபத்தாறு பேர் வருகிறார்கள்.

இந்த வேலையை இருவர்தான் செய்தோம் என்பதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு கை தூக்கி ஆதரித்த பலரை ஒரு சனிக்கிழமைகூடப் பார்க்க முடியவில்லை. நூலகத்து மர்ம நாவல் ஒன்றில், பன்னிரண்டாம் பக்க ஓரத்தில் யாரோ பென்சிலால் கொலையாளியின் பெயரை எழுதிவைத்திருந்தார்கள். பதிவேட்டின்படி அதை எடுத்துப் போனவர்கள் எல்லாரும் பெரியவர்கள். ரப்பரால் அழித்தேன், ஆனாலும் தடம் தெரிகிறது. அந்தப் புத்தகத்தை இனி எந்தப் பிள்ளைக்கும் தர முடியாது. எடுத்துப் போய்த் திரும்பாத நூல்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. பாதிக்கு மேல் சிறுவர் நூல்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தணிக்கை செய்து வைத்திருக்கிறார். செலவு வரவுக்குள் அடங்கியது, சிறு கையிருப்பும் உண்டு. சந்தா பாக்கி மட்டும் முந்தைய ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. வரவேண்டியது வந்திருந்தால் ஒரே பிரதியை இருபத்தாறு பேர் எட்டிப் பார்க்கும் நிலை இருந்திருக்காது.

இடம் தந்தவர்களுக்கும், நூல்கள் அன்பளித்தவர்களுக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பிள்ளைகளே ஒரு மர்மக்கதை எழுதப் போகிறார்கள். தொடங்கியும்விட்டார்கள், காணாமல் போன பொருள் எது என்பதில்தான் இன்னும் சண்டை. செயலாளர் பொறுப்பை வேறு ஒருவர் ஏற்க முன்வந்தால் மனமாரக் கொடுக்கிறேன், சனிக்கிழமை வாசிப்பைத் தொடர்வதாக இருந்தால். நானே நீடிப்பதானாலும் மூன்றாவதாக ஒருவர் வேண்டும். உரக்கப் படிக்கத் தெரிந்தால் போதும். வரும் சனிக்கிழமை ஒட்டிவைத்த இருபத்தாறு உறைகளைப் பிரிக்கிறோம். மாலை நாலு மணிக்கு.

இவண்,
செயலாளர்