தோப்பை விற்க வேண்டாம்

காவேரிப்பட்டணம்,
ஆடி 12

அன்புள்ள குமரேசா,

இங்கே எல்லாரும் சுகம். கீதாவுக்கு வரன் தகைந்துவிட்டது, பத்திரிகை தனியாக வரும். சேகர் இன்னும் அதே பச்சைச் சட்டையோடுதான் திரிகிறான்.

மாந்தோப்புக்கு விலை பேசுகிறாயாமே! அந்தப் பணத்தில் உன் மச்சினன் பேச்சைக் கேட்டுக் கடலில் தெப்பம் கட்டிக் கல்லும்மக்காய் வளர்க்கப் போகிறாயாமே! அதை அந்தப் பச்சைச் சட்டை சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? கேரளத்துப் பய்யனூர்த் தண்ணி குடித்தால் நாக்கு இப்படிக் கட்டிப் போகுமா?

உன் மச்சினன் கணக்கில் பாதி சரிதான். கல்லும்மக்காய் பாறையில் ஒட்டி வளர்கிற சிப்பிதானே, அதற்குத் தீவனச் செலவு கிடையாது. தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்றே அஞ்சாறு மாதத்தில் விற்கிற அளவுக்கு வந்துவிடுகிறது. தீவன மூட்டைக்கே பணத்தைக் கொட்டுகிற நம்ம ஊர்க் கோழிப் பண்ணைக்காரன் கேட்டால் மயங்கிப் போவான். நானும் மயங்கினவன்தான். போன கார்த்திகையில் படன்னைக் காயல் கரையில் அந்தப் பெண்கள் கயிற்றைச் சுற்றி விதையை, அதாவது சிப்பிக் குஞ்சுகளை, பரப்பி, கொசுவலைத் துணியைப் போர்த்தித் தைத்ததை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்! சில நாளில் குஞ்சுகள் நார் விட்டுக் கயிற்றைப் பற்றிக்கொள்ளும், துணி தானாக மக்கி உதிர்ந்துவிடும் என்று அந்த அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் அவர்கள் செய்வது பந்தல் முறை. ஆழமில்லாத காயலில் மூங்கிலோ சவுக்கோ நட்டு, குறுக்கே கட்டி, கயிற்றைத் தொங்கவிடுகிறார்கள். காய் நன்றாகப் பிடித்தால் மீட்டருக்குப் பத்துக் கிலோ வரை வருகிறது. மூங்கில் போனாலும் பெரிய நஷ்டமில்லை, கயிறு அடுத்த வருஷத்துக்கும் ஆகும். உன் மச்சினன் சொல்கிற கடல் தெப்பத்துக்கு நங்கூரம், சங்கிலி, பீப்பாய், போய்வரப் படகு, ராத்திரிக் காவல் எல்லாம் வேண்டும். காய் வேகமாகக் கொழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு புயல் அடித்தால் போட்ட முதலே போய்விடும். ஸ்பெயினில் கலீசியாக்காரர்கள் தெப்பத்தில்தான் கொழிக்கிறார்கள் என்கிறானாம். அங்கே நிலத்துக்குள் நீளமாகப் புகுந்த, அலை அடங்கிய கடற்கழிகள் இருக்கின்றன. ஒரு தெப்பத்தில் 500 கயிறு வரை, ஒவ்வொன்றும் 12 மீட்டர் வரை. வருஷம் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கும். நம்ம மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னே எல்லாவற்றையும் கரையேற்றியாக வேண்டும். அந்த மாதங்களில் சும்மா கிடக்கிற தெப்பத்துக்கும் வட்டி ஓடுமே, அதை எந்தக் காயில் ஏற்றுவான்?

பந்தலிலும் இரண்டு கண்டம் உண்டு. ஒன்று விதை. பாறையில் இருந்து சுரண்டி எடுத்துவந்துதான் விற்கிறார்கள், கிராக்கி ஏறினால் செலவில் பெரும்பங்கு அதுவே. நியூஸிலாந்தில் அத்தனை இயந்திரம் வைத்து நெடுங்கயிற்றில் வளர்க்கிறவர்களும், கரையொதுங்கும் கடற்பாசியில் ஒட்டிவரும் விதையை நம்பித்தான் பிழைக்கிறார்கள். இன்னொன்று விற்பனை. மழைத் தண்ணீர் இறங்கி உப்புக் குறைந்தால் காய் செத்துப்போகும் என்று ஏப்ரல், மே மாதத்தில் எல்லாரும் ஒன்றாக அறுக்கிறார்கள். அப்புறம் வியாபாரி வைத்ததுதான் விலை. நம்ம பெங்களூரா மாங்காயும் கூழ் ஃபேக்டரி வாசலும் போலத்தான். வண்டியோடு வெயிலில் நின்றவன் நீ, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாங்காயையாவது மரத்தில் நாலு நாள் விட்டுவைக்கலாம்.

குமரேசா, அந்தத் தோப்பு உன் அப்பா குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தது. இந்த வருஷம் விலை இல்லை, வயிறு எரிகிறது, எனக்கும் எரிகிறது. அதற்காக மண்ணை விற்றுக் கடலில் இறக்காதே. கையில் இருக்கிற பணத்துக்குள், அந்தப் பெண்கள் குழுவோடு சேர்ந்து ஒரே ஒரு பந்தல் போடு. ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. விதை என்ன விலை, யார் தருகிறார்கள், வேகவைத்து ஓடு நீக்கின சதையை ஓட்டல்காரன் எவனாவது முன்கூட்டியே பேசி எடுப்பானா, இதையெல்லாம் விசாரித்து எழுது. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டு அனுப்புகிறேன். பணம் குறைந்தால் நானும் ஒரு பங்கு போடுகிறேன், மங்கைக்கும் சம்மதம்.

தோப்புக்கு முன்பணம் ஏதாவது வாங்கிவிட்டாயா? வாங்கியிருந்தால் மறைக்காமல் எழுது, திருப்பிக் கொடுக்க வழி பார்ப்போம்.

உன்,
நடராஜன்