'டக்' என்ற சத்தத்துக்குப் பேட்டரி மட்டும் பதிலாகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் பழைய டீசல் கார் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேள்வி கேட்டிருந்தார். சாவியைத் திருப்பினால் சில நேரம் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வருகிறது, இன்ஜின் சுற்றவில்லை. கொஞ்சம் பொறுத்துத் திருப்பினால் எந்தக் குறையும் இல்லாததுபோல் ஸ்டார்ட் ஆகிறது என்பது அவர் கவலை. பேட்டரியை மாற்றிவிடுங்கள் என்று இரண்டு வரியில் பதில் வந்திருந்தது. இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கட்டும் வேலையிலேயே வாழ்நாளைக் கழித்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்ற முறையில், அந்தப் பதில் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

பேட்டரி தளர்ந்தால் இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றும், அல்லது 'டக் டக் டக்' என்று விடாமல் அடிக்கும். ஒரே தட்டோடு நின்றுவிட்டு அடுத்த முறை முழு வேகத்தில் சுற்றினால், நான் பேட்டரியைக் கடைசியில்தான் சந்தேகிப்பேன். பேட்டரிக்கு உள்ளேயே இணைப்பு விட்டு விட்டுப் பிடிப்பதும் உண்டு. ஆனால் அது அரிது.

டீசல் காரில் இந்தக் கோளாறு ஏன் அதிகம் தெரிகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். பழைய டீசல் இன்ஜின் காற்றை இருபதில் ஒரு பங்காக அழுத்துகிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்துச் சுற்ற, மோட்டார் சில நூறு ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது. வழியில் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே, 300 ஆம்பியரில் 3 வோல்ட் அங்கேயே செத்துப்போகும். மிச்சம் இருப்பதை வைத்து அந்த இன்ஜினைப் புரட்டுவது பெரும்பாடு. உப்புப் பூத்த ஒரு லக் (ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையம்), பெயின்ட் மேல் முடுக்கிய ஓர் எர்த் போல்ட் (பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை வண்டியின் உடலோடு சேர்ப்பது) போதும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, 12.6 வோல்ட் வருகிறது, லைன் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மோட்டார் மின்சாரம் இழுக்காதபோது ஒரே ஓர் இழை மிஞ்சிய ஒயரும் 12.6 காட்டும். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது என்ன காட்டுகிறது என்பதுதான் கேள்வி. செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் கம்பத்திலும் (கிளாம்பில் அல்ல, கம்பத்தில்), மறு முனையைச் செல்ஃப் மோட்டாரில் பேட்டரி ஒயர் வந்து சேரும் தடித்த போல்ட்டிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ அடைப்பு. அதேபோல் நெகட்டிவ் கம்பத்துக்கும் மோட்டாரின் உடலுக்கும் நடுவே கால் வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த எர்த் பக்கத்தை அளக்கும் மெக்கானிக்கைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் பட்டை அறுந்துபோனால், மின்சாரம் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி அதைச் சுட்டுப்போடும். அப்படிக் கருகிய கேபிளை நானே மாற்றியிருக்கிறேன்.

மீட்டர் இல்லாதவர் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பலாம். விளக்கு அணைகிற அளவுக்கு மங்கினால் பேட்டரி, அதன் கிளாம்ப், அல்லது இறுகிப்போன மோட்டார். விளக்கு கொஞ்சமும் அசையாமல் எரிந்தால் மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை என்று பொருள். புதுப் பேட்டரி வாங்கியும் பயனில்லை.

'டக்' சத்தம் வந்து, தடித்த போல்ட்டில் 12 வோல்ட் குறையாமல் நின்று, சோலனாய்டிலிருந்து (மோட்டாரோடு சேர்ந்திருக்கும் மின்காந்த சுவிட்ச்) மோட்டாருக்குள் இறங்கும் போல்ட்டில் ஒன்றுமே இல்லையென்றால், உள்ளே இருக்கும் செம்புக் கான்டாக்ட் தேய்ந்திருக்கிறது. இரண்டு போல்ட்டிலும் 12 இருந்தும் சுற்றாவிட்டால் கார்பன் பிரஷ்ஷையோ, அது உரசி மின்சாரம் கொடுக்கும் சுழலும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரையோ பார்க்க வேண்டும். பிரஷ் தேய்ந்த மோட்டார் 'டக்' சத்தம்கூடத் தராமல் போகலாம். சோலனாய்டின் உள்ளே இரண்டு காயில் (கம்பிச்சுருள்) உண்டு. பிளஞ்சரை, அதாவது உள்ளே நகரும் இரும்புத் தண்டை, இழுக்கும் காயில் தன் எர்த்தை மோட்டாரின் பிரஷ் வழியாகத்தான் பெறுகிறது. பிரஷ் தொடவில்லையென்றால் இழுக்கும் காயிலே வேலை செய்யாது. மோட்டாரின் உடலில் மெல்லத் தட்டியதும் எடுக்கிறதே, அதன் காரணம் பெரும்பாலும் இதுதான். தட்டி ஓட்டுவது வீடுபோய்ச் சேரத்தான், வைத்தியம் அல்ல.

சத்தமே இல்லையென்றால் சாவியிலிருந்து வரும் சிறிய ஒயரைப் பாருங்கள். பல மோட்டார்களில் அந்த முனைக்கு 50 என்று எண் பொறித்திருக்கும். சோலனாய்டு முதல் நொடியில் 30 ஆம்பியருக்கு மேல் இழுப்பதும் உண்டு. பழைய கார்களில் அவ்வளவும் தேய்ந்த இக்னிஷன் சுவிட்ச் வழியாக, மெல்லிய நீள ஒயரில் வருகிறது. இதோடு சூடும் சேர்ந்துகொள்ளும். செம்பின் சூடு 60 டிகிரி ஏறினால் அதன் தடை கிட்டத்தட்ட கால் பங்கு கூடும். காலையில் உடனே எடுத்த வண்டி, நெடுந்தூரம் ஓடி நிறுத்தியதும் எடுக்க மறுத்து, இன்ஜின் ஆறியபின் எடுப்பது இதனால்தான். இப்படிப்பட்ட வண்டிகளில் மோட்டாருக்கு அருகே ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) போட்டு, பேட்டரியிலிருந்து நேராக, பியூஸோடு, தனி லைன் கொடுத்துவிடுவேன். சுவிட்ச் அந்த ரிலேயை மட்டும் இயக்கினால் போதும். சின்ன வேலைதான், ஆனால் இதைவிட மனநிறைவு தந்த வேலை எனக்கு அதிகம் இல்லை.

வேறொரு பட்டறையில் பேட்டரி மாற்றி, பிறகு செல்ஃப் மோட்டாரும் மாற்றி, அப்புறமும் நின்றுபோன கார் ஒன்று என்னிடம் வந்தது. மோட்டார் மாற்றியதும் சில வாரம் ஒழுங்காக ஓடியதாம். கியர்பாக்ஸின் அடியில் இருந்த எர்த் ஒயரின் லக்கை வெட்டிப் பார்த்தால் உறைக்குள் இழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. மோட்டாரைக் கழற்றி மாட்டும்போது அந்த ஒயர் அசைந்து கொஞ்ச நாள் தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். விட்டு விட்டு வரும் கோளாறில் எதை மாற்றினாலும் வழியில் இருக்கும் இணைப்புகள் அசைந்து சில நாள் சரியாகும். பெயர் புதுப் பொருளுக்குப் போய்விடும். அதனால், வண்டி எடுக்காத நேரத்தில் அளப்பதுதான் சோதனை. மற்ற நேரத்தில் அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். காரின் சொந்தக்காரர் மெக்கானிக்கிடம் போகும்முன் எந்த நேரத்தில் நின்றது, இன்ஜின் சூடா ஆறியிருந்ததா, என்ன சத்தம், விளக்கு மங்கியதா என்று எழுதி எடுத்துப் போனால் பாதி வேலை முடிந்தது.

இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்பது வேறு கதை. ஹீட்டர் பிளக், டீசல் பம்பின் சோலனாய்டு வால்வு என்று அந்தத் தேடல் வேறு பக்கம் போகும். செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டாம். மோட்டார் மட்டும் விர்ரென்று சுழன்று இன்ஜின் அசையாவிட்டால், மோட்டாரை இன்ஜினோடு கோக்கும் பல்சக்கரமான பென்டிக்ஸ் வழுக்குகிறது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அந்த வாசகரின் கேள்விக்கு மீண்டும் ஒருமுறை விரிவாகப் பதில் போடுங்கள். இடம் போதாவிட்டால் என் கடிதத்தில் எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள்: வண்டி எடுக்காதபோது கீழே படுத்துக்கொண்டு ஸ்குரூ டிரைவரால் தடித்த போல்ட்டையும் சிறிய முனையையும் சேர்த்துத் தொடுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி கியரில் இருந்தால் அந்த நொடியே அவர்மேல் ஏறிவிடும். சாவி அணைந்திருந்தாலும் ஏறும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சாவியைத் திருப்ப இன்னொருவரை உட்கார வைத்த பிறகே யாரும் மீட்டரைக் கையில் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்